எம்.பிளானா, எம்.எஸ்.டபிள்யூ.வா, எம்.இ.யா? ஊருக்காக வேலை செய்ய நினைப்பவர்கள் எதைப் படிப்பது

ஏப்ரல் பிறந்தால் இந்தக் கேள்வி வர ஆரம்பித்துவிடும். "அக்கா, சிவில் முடிக்கப் போறேன், ஐ.டி.க்குப் போக மனசில்லை. ஊர், தண்ணீர், குடியிருப்பு இந்த மாதிரி வேலைதான் செய்யணும். எம்.பிளான் (நகரத் திட்டமிடல்) படிக்கவா, எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி) படிக்கவா?" கேட்பவர்களில் பாதிப் பேர் பொறியியல் படித்தவர்கள், மீதிப் பேர் பி.ஏ., பி.எஸ்சி. முடித்தவர்கள், வேலையை விட்டுவிட்டு வர நினைக்கும் ஐ.டி.காரர்களும் வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதியதில் எதையாவது விட்டுவிடுகிறேன் என்பதால் இந்த முறை மொத்தமாக எழுதுகிறேன்.

நான் சிவில் படித்து, எம்.பிளான் முடித்து, பன்னிரண்டு வருடமாகக் குடியிருப்பு, கழிவுநீர் சார்ந்த திட்டங்களில் இருக்கிறேன். கூட வேலை செய்தவர்களில் எம்.எஸ்.டபிள்யூ.காரர்களும் சுற்றுச்சூழல் பொறியாளர்களும் ஊரக வளர்ச்சி படித்தவர்களும் உண்டு. அதனால் என் படிப்பின் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கலாம், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் ஒரு சம்பவம். என் முதல் வேலையில் ஒரு சமுதாயக் கழிப்பறைக்கு வரைபடம் போட்டேன். இடமும் அளவும் சரியாக இருந்தன, செப்டிக் டேங்க்கும் விதிப்படிதான் இருந்தது. கட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது, டேங்க்கைக் காலி செய்ய வரும் லாரி அந்தச் சந்துக்குள் நுழையவே முடியாது. சந்து முனையில் ஒரு சின்னக் கோயிலின் மேடை நீட்டிக்கொண்டிருந்தது, எங்கள் சர்வேயில் அது இல்லை. அப்புறம் பழைய கோப்புகளைப் புரட்டினால், எங்கள் அலுவலகத்திலேயே இருந்த சமூகப் பணியாளர், தெருப் பெண்களோடு பேசி எழுதிய அறிக்கையில் "லாரி வராது, பழைய கழிப்பறைக்கும் இதே பிரச்சினைதான்" என்று தெளிவாக எழுதியிருக்கிறார், அதுவும் நான் வரைபடம் போடுவதற்கு மூன்று வாரம் முன்பே. வரைபடப் பிரிவில் யாரும் அதைப் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அவருக்கும் என் வரைபடத்தைப் பார்த்து டேங்க் எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்திருக்கவில்லை.

இதையே பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் சென்னையில் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போங்கள். 2000-ல் தொடங்கி கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். கான்கிரீட் வீடு கிடைத்தது. ஆனால் வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்க்கொண்டிருந்த இடம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது, படிப்பு வருடத்தின் நடுவில் பிள்ளைகள் பள்ளி மாற வேண்டியிருந்தது, எட்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் வயதானவர்கள் கீழே இறங்க முடியவில்லை. ஒரு துறை மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தால் இப்படித்தான் முடியும். 2004-ல் இங்கிலாந்தில் ஜான் ஈகன் என்ற தொழிலதிபர் தலைமையில் அரசு நியமித்த ஒரு குழு, நீடித்து நிற்கும் குடியிருப்புகளை உருவாக்க என்ன திறன்கள் வேண்டும் என்று ஆராய்ந்தது. அது அழுத்திச் சொன்னதும் இதைத்தான். அவரவர் துறை அறிவு ஒரு பக்கம் இருக்க, மற்றத் துறையினரோடு சேர்ந்து வேலை செய்வது, மக்களோடு பேசுவது, சண்டையைத் தீர்ப்பது, திட்டத்தைக் கடைசி வரை நடத்திச் செல்வது ஆகிய பொதுத் திறன்களில்தான் பெரிய ஓட்டை என்றது அந்த அறிக்கை.

எந்தப் படிப்பும் இந்த முழுத் தொகுப்பையும் தராது. ஒன்றைப் படிப்பில் வாங்கிக்கொள்ள வேண்டும், இன்னொன்றை நீங்களாகத்தான் தேடிக் கற்க வேண்டும். அதனால் எந்த ஒன்றைக் கல்லூரியில் வாங்குவது, எதை வெளியில் கற்பது என்று பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி குறையும்.

## எதை வைத்து ஒப்பிடுகிறேன்

கல்லூரியின் பெயரையும் தரவரிசையையும் நான் கணக்கில் எடுக்கவில்லை. இந்த ஐந்தைத்தான் பார்க்கிறேன்:

1. கையெழுத்து. இந்தப் பட்டம் இருந்தால் எந்தத் தாளில் உங்கள் கையெழுத்து செல்லும்? எந்தக் கூட்டத்தில் நாற்காலி கிடைக்கும்?
2. களம். இரண்டு வருடத்தில் எத்தனை நாள் வகுப்பறைக்கு வெளியே, மக்கள் நடுவில் இருப்பீர்கள்?
3. முழுச் செலவு. கட்டணம் மட்டும் இல்லை. விடுதி, பயணம், லேப்டாப், இரண்டு வருடச் சம்பள இழப்பு எல்லாம் சேர்த்து.
4. முதல் மூன்று வருடம். வேலை கிடைக்குமா என்பதோடு, அது நிரந்தரமா, திட்டம் முடிந்தால் போய்விடுமா என்பதும்.
5. ஓட்டை. எதைச் சொல்லித் தராது?

ஐந்தில் எதற்கு அதிக எடை என்று கேட்டால் என் பதில் இரண்டாவதும் ஐந்தாவதும். வீட்டில் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் மூன்றாவதுதான் முதலில் வர வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவசரமாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு அட்டவணை:

| | எம்.பிளான் | எம்.எஸ்.டபிள்யூ. | எம்.இ. சுற்றுச்சூழல் | வளர்ச்சி / ஊரக மேலாண்மை |
|---|---|---|---|---|
| யார் சேரலாம் | ஆர்க்கிடெக்சர், சிவில், பிளானிங். சில இடங்களில் புவியியல், பொருளியல், சமூகவியல் முதுகலை | எந்தப் பட்டமும் | பொறியியல் | பெரும்பாலும் எந்தப் பட்டமும் |
| கையெழுத்து | வலு உண்டு | மிகக் குறைவு | வலு உண்டு | இல்லை |
| களம் | நடுத்தரம் | மிக அதிகம் | குறைவு | கல்லூரியைப் பொறுத்து |
| செலவு | நடுத்தரம் | குறைவு | உதவித்தொகை கிடைத்தால் மிகக் குறைவு | மிகக் குறைவிலிருந்து மிக அதிகம் வரை |
| பெரிய ஓட்டை | மக்களோடு பேசுவது | வரைபடம், எண், பட்ஜெட் | மக்கள் ஏன் மறுக்கிறார்கள் என்பது | ஒன்றிலும் ஆழம் இல்லாமல் போவது |

## எம்.பிளான்: நகரத் திட்டமிடல்

கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை, திட்டமிடல் பள்ளி, வெளியே போனால் விஜயவாடா, போபால், டெல்லி ஆகிய மூன்று இடங்களில் இருக்கும் எஸ்.பி.ஏ.க்கள் (திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளிகள்), அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பொதுவாகப் பார்ப்பது இவற்றைத்தான். நுழைவுக்கு கேட் என்ற தேசிய அளவிலான தேர்வு அல்லது அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா தேர்வு.

இதன் பலம் கையெழுத்து. நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஆள் எடுக்கும்போது இந்தப் பட்டம்தான் கேட்கப்படுகிறது. ஒரு நிலம் குடியிருப்பா, தொழிற்சாலையா, நீர்நிலையா என்று வகைப்படுத்தும் மேஜைக்கு வேறு எந்தப் படிப்பும் இவ்வளவு நேராகக் கொண்டுபோகாது. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் 48.4 சதவீதம் பேர் நகரவாசிகள். 2022-ல் சென்னைப் பெருநகர எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். இவ்வளவு நிலத்துக்கும் திட்டம் போட ஆள் வேண்டும்.

ஆள் வேண்டும் என்பதும் வேலை இருக்கிறது என்பதும் ஒன்றில்லை. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட நகரத் திட்டமிடல் அறிக்கை, நாடு முழுக்க மாநிலத் துறைகளில் 12,000-க்கும் மேற்பட்ட திட்டமிடுநர் பணியிடங்கள் தேவை என்றது. அனுமதிக்கப்பட்டிருந்ததோ 4,000-க்கும் குறைவு, அதிலும் பாதிக்கு அருகில் காலி. சில மாநிலங்களில் அந்தப் பணிக்குத் திட்டமிடல் படிப்பே கட்டாயம் இல்லை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அதனால் எம்.பிளான் முடித்த பலர் தனியார் ஆலோசனை நிறுவனங்களுக்குத்தான் போகிறார்கள். அங்கே ஒப்பந்த வேலைதான். 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தமிழ்நாட்டில் 11 நகரங்கள் இருந்தன, அதை நம்பி எத்தனையோ பேர் வேலைக்குச் சேர்ந்தோம். 2025 மார்ச்சில் திட்டம் முடிந்தது.

கட்டணத்தில் தெரியாத செலவுகளும் உண்டு. ஸ்டுடியோ என்ற செய்முறை வகுப்புக்காக ஊர் ஊராகப் போகும் பயணம், பெரிய தாள்களில் வரைபடம் அச்சடிக்கும் செலவு, ஜி.ஐ.எஸ். (கணினியில் வரைபடம் போடும் மென்பொருள்) ஓடும் அளவுக்கு நல்ல லேப்டாப். மென்பொருளுக்குப் பணம் கட்டாதீர்கள், கியூஜிஐஎஸ் இலவசம், படிப்புக்கு அது போதும்.

ஓட்டை எங்கே என்றால், ஸ்டுடியோவில் "மக்கள் கருத்துக் கேட்பு" என்பது பெரும்பாலும் ஐம்பது பேரிடம் ஒரு கேள்வித்தாளை நிரப்பி வாங்குவதோடு முடிந்துவிடும். எதிரே நின்று கோபமாகக் கேட்பவரிடம் என்ன பேசுவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதை வேலைக்கு வந்து, திட்டு வாங்கித்தான் கற்றேன்.

இது சரியாக வருவது யாருக்கு: அரசுத் துறைக்குள் போய் உட்கார்ந்து முடிவை மாற்ற நினைப்பவர்கள், நிலம், சட்டம், வரைபடம் பிடித்தவர்கள், தேர்வுக்குக் காத்திருக்கப் பொறுமையும் வீட்டுச் சூழலும் உள்ளவர்கள்.

## எம்.எஸ்.டபிள்யூ.: சமூகப் பணி

இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் இதைத்தான் நம் வீடுகளில் குறைத்துப் பேசுகிறார்கள். "சோசியல் சர்வீஸ் பண்ணப் பட்டம் எதுக்கு?" என்று என் மாமாவே கேட்டிருக்கிறார்.

தமிழ்நாட்டில் இதற்கு நீண்ட மரபு இருக்கிறது. எழும்பூரில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோசியல் வொர்க்கை மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் தொடங்கினார். லயோலா, ஸ்டெல்லா மேரிஸ், திருச்சி பிஷப் ஹீபர், மதுரை சமூக அறிவியல் நிறுவனம், கோவை பி.எஸ்.ஜி. கலை அறிவியல் என்று நல்ல இடங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. வெளியே போக முடிந்தால் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், 1936-லிருந்து நடக்கிறது. எந்தப் பட்டம் முடித்தவரும் சேரலாம் என்பது பெரிய வசதி.

இதன் உண்மையான சொத்து களப்பணி. வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் ஏதாவது ஓர் அமைப்பிலோ குடியிருப்பிலோ வேலை செய்ய வேண்டும், தினமும் அறிக்கை எழுதி ஆசிரியரிடம் காட்ட வேண்டும், கிராம முகாம் ஒன்று உண்டு, கடைசியில் ஒரு மாதம் தொடர்ச்சியாக எங்காவது போய் வேலை செய்ய வேண்டும். இரண்டு வருடத்தில் இவ்வளவு நாள் வெளியில் அனுப்பும் படிப்பு இந்த வரிசையில் வேறு இல்லை. கூட்டம் கூட்டுவது, பேசாதவரைப் பேச வைப்பது, ஒரு தெருவில் யாருக்கு யாரோடு ஆகாது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடிப்பது, இதெல்லாம் கைப்பழக்கத்தில் வருபவை. நான் ஐந்து வருடத்தில் கற்றதை என்னோடு வேலை செய்த எம்.எஸ்.டபிள்யூ. பெண் வரும்போதே வைத்திருந்தார். அந்த லாரி விஷயத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

திருச்சியில் சமுதாயக் கழிப்பறைகளைப் பெண்கள் குழுக்களே நடத்தி, கட்டணம் வசூலித்து, பராமரித்து வருவதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கட்டடத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். காலையில் கதவைத் திறந்து கணக்கு எழுதும் அந்தக் குழுவை உருவாக்குவதும், அது உடையாமல் பார்த்துக்கொள்வதும் சமூக வேலை.

இப்போது கஷ்டங்கள். முதலாவது, கையெழுத்து இல்லை. வழக்கறிஞருக்கு பார் கவுன்சில், ஆர்க்கிடெக்டுக்கு அவர்களுக்கான கவுன்சில் இருப்பதைப் போல, சமூக வளர்ச்சியில் வேலை செய்பவர்களுக்கு நாடளவில் பதிவு அமைப்பு எதுவும் கிடையாது. யாரை வேண்டுமானாலும் "கள ஒருங்கிணைப்பாளர்" என்று போட்டுவிடலாம், போடுகிறார்கள். இரண்டாவது, சம்பளம். நான் பார்த்த தொண்டு நிறுவன வேலைகளில் தொடக்கம் பெரும்பாலும் 20,000-லிருந்து 25,000 ரூபாய். குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்ற அரசுத் திட்டப் பணிகள் இருந்தாலும் அவையும் ஒப்பந்தம்தான். 2013 கம்பெனிகள் சட்டம் பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று ஆக்கிய பிறகு, சி.எஸ்.ஆர். பிரிவுகளில் கொஞ்சம் நல்ல சம்பளத்தில் வேலை வருகிறது. ஆனால் அங்கே நிறைய நேரம் அறிக்கை எழுதுவதிலும் புகைப்படம் அனுப்புவதிலும் போகும்.

மூன்றாவது, ஸ்பெஷலைசேஷன். சேரும்போது எல்லோரும் சமூக வளர்ச்சி என்றுதான் வருகிறார்கள், இரண்டாம் வருடத்தில் கணிசமானவர்கள் மனிதவள மேலாண்மைக்கு மாறிவிடுகிறார்கள், காரணம் சம்பளம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நீங்கள் சேரப்போகும் கல்லூரியில் சமூக வளர்ச்சிப் பிரிவு உண்மையில் எத்தனை பேரோடு நடக்கிறது, களப்பணிக்கு எந்த அமைப்புகளுக்கு அனுப்புகிறார்கள் என்று சீனியர்களிடம் கேட்டுவிடுங்கள். களப்பணியைக் கையெழுத்து வாங்கும் சடங்காக நடத்தும் கல்லூரிகளும் இருக்கின்றன. அங்கே சேர்ந்தால் இந்தப் படிப்பின் ஒரே பெரிய பலனும் போய்விடும்.

மறைந்திருக்கும் செலவு: வாரம் இரண்டு நாள் பஸ், சாப்பாடு உங்கள் கையிலிருந்துதான். இன்னொன்று மனச்சுமை. வீடு இடிக்கப்பட்ட குடும்பத்தோடு மாலை வரை இருந்துவிட்டு விடுதிக்கு வந்து பாடம் படிக்க முடியாது. அதைப் பேசிப் பகிர்ந்துகொள்ள ஆசிரியர் இருக்கும் கல்லூரியா என்று பாருங்கள்.

இது சரியாக வருவது யாருக்கு: மக்களோடு இருப்பதுதான் முதல் ஆசை என்பவர்கள், பொறியியல் அல்லாத பட்டம் உள்ளவர்கள், கடன் இல்லாமல் படிக்க முடிந்தவர்கள். சிவில் முடித்துவிட்டு இதற்கு வருபவர்களைப் பார்த்தால் எனக்குத் தனி சந்தோஷம். வரைபடம் படிக்கத் தெரிந்த சமூகப் பணியாளர் எந்தத் திட்டத்திலும் அபூர்வம்.

## எம்.இ. / எம்.டெக். சுற்றுச்சூழல் பொறியியல்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் இதில் குழப்பம் குறைவு. அண்ணா பல்கலைக்கழகம், ஐ.ஐ.டி. மெட்ராஸ் எல்லாம் நல்ல இடங்கள். கேட் மதிப்பெண்ணோடு சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை, அதனால் கையில் பணம் இல்லாதவர்களுக்கு இந்த வரிசையிலேயே பாதுகாப்பான வழி இதுதான். 2021-லிருந்து கேட்டில் சுற்றுச்சூழலுக்குத் தனித்தாளும் உண்டு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், குடிநீர் வாரியம், சுத்திகரிப்பு நிலையங்கள், ஆலோசனை நிறுவனங்கள் என்று வேலைக்கான கதவுகள் தெளிவாக இருக்கின்றன.

செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் 2017-ல் தொடங்கிய மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் போல, பாதாளச் சாக்கடை வராத சின்ன ஊர்களுக்கு என்ன செய்வது என்பதுதான் அடுத்த இருபது வருடத்துக்கான வேலை. அதற்கு இந்தப் படிப்பு நேராக உதவும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். சென்னை கொடுங்கையூர், கோவை வெள்ளலூர் குப்பைக் கிடங்குகளைச் சுற்றியுள்ள மக்கள் பல வருடங்களாகப் போராடுவது எதற்காக? தொழில்நுட்பம் தெரியாததால் போராடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகும் பொறியாளர் அங்கே பத்து நிமிடம்கூட நிற்க முடியாது. ஊரே குப்பையை அனுப்பிவைக்க, ஒரு பகுதி மட்டும் காலம் காலமாகச் சுமந்திருக்கிறது என்ற வரலாறு எம்.இ. பாடத்தில் வராது. களமும் ஆய்வகமும் ஒன்று என்ற எண்ணத்தோடு வெளியே வருவதுதான் இந்தப் படிப்பின் மறைமுகச் செலவு.

இது சரியாக வருவது யாருக்கு: பொறியியல் பிடித்தவர்கள், குடும்பத்துக்குச் சீக்கிரம் பணம் அனுப்ப வேண்டியவர்கள், தண்ணீர், கழிவுநீர், குப்பை மூன்றில் ஒன்றில் ஆழமாக இறங்க நினைப்பவர்கள்.

## வளர்ச்சிப் படிப்புகள், ஊரக மேலாண்மை

இங்கே ஒரே தலைப்பின் கீழ் மிக வேறுபட்ட படிப்புகளைப் போட்டுவிடுகிறோம், அதனால்தான் குழப்பம்.

ஒரு முனையில் காந்திகிராமம். சௌந்தரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் திண்டுக்கல் பக்கத்தில் தொடங்கிய இடம், ஊரக உயர்கல்வி நிறுவனமாக 1956-ல் வளர்ந்து, 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. மத்திய அரசின் நிதியில் நடப்பதால் கட்டணம் குறைவு, மாணவர்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கும் வழக்கம் தொடக்கத்திலிருந்தே உண்டு. பெயர் பெரிதாகப் பேசப்படாததால் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிராமத்தில்தான் வேலை என்று உறுதியாக இருந்தால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

மறுமுனையில் குஜராத் ஆனந்தில் இருக்கும் இர்மா என்ற ஊரக மேலாண்மை நிறுவனம். வர்கீஸ் குரியன் 1979-ல் பால் கூட்டுறவுகளுக்கு மேலாளர்களை உருவாக்கத் தொடங்கியது, 2025-ல் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தது. உற்பத்தியாளர் நிறுவனம், கூட்டுறவு, கடன், சந்தை ஆகியவற்றைக் கற்றுத் தருவதில் வலுவான இடம். கட்டணமோ மேலாண்மைக் கல்லூரிகளுக்கு உரிய அளவில். நடுவில் பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், குடும்ப வருமானத்தைப் பார்த்து முழுக் கட்டணம் வரைகூட உதவித்தொகை தருகிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் எம்.ஏ. வளர்ச்சிப் படிப்பு ஆராய்ச்சிப் பக்கம் சாய்ந்தது. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் துல்ஜாப்பூர் வளாகம் கிராமத்தின் பக்கம் சாய்ந்தது.

இவை எல்லாம் நன்றாகக் கற்றுத் தருவது ஒன்று உண்டு: பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் துறை வழியாகப் போகிறது, எங்கே நிற்கிறது என்று படிக்க. மற்ற மூன்று படிப்புகளிலும் இது கிட்டத்தட்டக் கிடையாது. ஊராட்சிக் கணக்கையும் மாவட்டத் திட்டத்தையும் படிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்திருந்தால் நான் பார்த்த பல நல்ல திட்டங்கள் இரண்டாம் வருடத்தில் நின்றிருக்காது.

ஓட்டை: எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரியும், எதிலும் கையெழுத்து இருக்காது. முதல் வேலை பெரும்பாலும் அறிக்கை, மதிப்பீடு, தரவு. எட்டு மணி நேரம் எக்செல்லில் இருந்துவிட்டு "நான் ஊருக்காக வேலை செய்ய வந்தேனே" என்று கேட்கும் பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். இன்னொரு மறைவான செலவு மொழி. இந்த இடங்களில் படிப்பு முழுக்க ஆங்கிலக் கட்டுரைகளில் நடக்கும். தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் முதல் ஆறு மாதம் தடுமாறுவார்கள், அது திறமைக் குறைவு இல்லை, பழகிவிடும். அங்கே கற்றதை ஊருக்குத் திரும்பிவந்து தமிழில் சொல்லப் பழகுவதற்கும் இன்னொரு ஆறு மாதம் ஆகும்.

## கடனைப் பற்றி, தனியாக

8 லட்சம் ரூபாய் கல்விக் கடன், 10.5 சதவீத வட்டி, 10 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 10,800 ரூபாய், படிக்கும்போது சேரும் வட்டியைக் கணக்கில் எடுக்காமலேயே. 22,000 ரூபாய் சம்பளத்தில் இதைக் கட்ட முடியாது. கட்டுவதற்காக நகரத்தில் பெரிய ஆலோசனை நிறுவனத்துக்குப் போவீர்கள், மூன்று வருடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைப்பீர்கள், அதற்குள் வாழ்க்கை வேறு பக்கம் போயிருக்கும். என் வகுப்பில் இது நான்கு பேருக்கு நடந்தது. எனவே என் கணக்கு எளிது: தவணை, நீங்கள் எதிர்பார்க்கும் முதல் சம்பளத்தில் கால் பங்கைத் தாண்டினால் அந்தக் கல்லூரியை விட்டுவிட்டு உதவித்தொகை கிடைக்கும் இடத்தைப் பாருங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பங்களுக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. நிறையப் பேர் இளங்கலையோடு நின்றுவிட்டது என்று நினைத்து விண்ணப்பிக்காமலேயே விடுகிறார்கள்.

## படிப்பைத் தள்ளிப்போட்டு, முதலில் ஃபெலோஷிப்

இதையும் ஒரு வழியாக எண்ணுங்கள். எஸ்.பி.ஐ. யூத் ஃபார் இந்தியா 13 மாதம், ஏதாவது ஒரு கிராமப் பகுதியில் தொண்டு நிறுவனத்தோடு. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் ஃபெலோஷிப் இரண்டு வருடம், அரசுத் துறைகளுக்குள். சுற்றுச்சூழல் பக்கம் முதலமைச்சரின் பசுமை ஃபெலோஷிப், மாவட்ட அளவில். கையில் உதவித்தொகை வரும், கடன் சேராது, எந்தத் திறன் உங்களிடம் இல்லை என்பது முதல் ஆறு மாதத்தில் தெளிவாகிவிடும். அதன் பிறகு தேர்ந்தெடுக்கும் படிப்பு பெரும்பாலும் சரியாக அமைகிறது. 21 வயதில் நேராக எம்.பிளானுக்குப் போன எனக்கு இப்படி ஒரு வருடம் கிடைத்திருந்தால் ஸ்டுடியோவில் கேட்ட கேள்விகளே வேறாக இருந்திருக்கும்.

குறைகள்: இடங்கள் மிகக் குறைவு, அறிவிப்பு வரும் நேரம் நிலையில்லை, அரசு அலுவலகத்தில் போடப்பட்டால் உங்கள் வேலை அந்த அதிகாரியின் ஆர்வத்தைப் பொறுத்தது. வீட்டில் கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்ட பெண்களுக்கு "ஒரு வருடம் கழித்துப் படிக்கிறேன்" என்று சொல்வது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். அப்படி இருந்தால் நேராகப் படிப்பில் சேர்ந்துவிடுங்கள். தள்ளிப்போட்டது திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

வேலையை விட முடியாதவர்களுக்குத் தொலைதூரக் கல்வி தரும் இக்னோவின் எம்.எஸ்.டபிள்யூ.வும் எம்.ஏ. ஊரக வளர்ச்சியும் இருக்கின்றன. ஏற்கெனவே களத்தில் இருப்பவர்களுக்குப் பட்டம் வாங்க இது நல்ல வழி. களமே பார்க்காதவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## அப்படியென்றால் யாருக்கு எது

சிவில் முடித்து, வீட்டில் பண நெருக்கடி இருக்கிறது என்றால் கேட் எழுதி எம்.இ. அரசு வேலைக்கு இரண்டு வருடம் காத்திருக்க முடியும் என்றால் எம்.பிளான். சிவில் படித்தாலும் மனிதர்கள்தான் ஈர்க்கிறார்கள் என்றால் தயங்காமல் எம்.எஸ்.டபிள்யூ. கலை, அறிவியல் பட்டத்தோடு நகரத்தில் வேலை செய்ய ஆசை என்றால் எம்.எஸ்.டபிள்யூ. எடுத்து, பக்கத்திலேயே ஜி.ஐ.எஸ். கற்றுக்கொள்ளுங்கள். கிராமம், விவசாயம், கூட்டுறவு என்றால் காந்திகிராமம், உதவித்தொகையோ சேமிப்போ இருந்தால் இர்மா. ஐ.டி.யில் ஐந்தாறு வருடம் இருந்துவிட்டு வருபவர்கள் உடனே எதிலும் சேராமல் முதலில் ஃபெலோஷிப்பைப் பாருங்கள், வயது வரம்பை மட்டும் கவனியுங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் மற்றவர் தாளைப் படிக்கக் கற்பதற்கு நாள் ஒதுக்குங்கள். பொறியாளர் என்றால் ஒரு மாதம் சமூகப் பணியாளரோடு கூட்டங்களுக்குப் போங்கள், பேசாமல் குறிப்பு மட்டும் எடுங்கள். சமூகப் பணி என்றால் ஒரு மனை வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து, எது எங்கே என்று ஒப்பிடுங்கள். திருவள்ளூர் மாவட்டம் குத்தம்பாக்கத்தில் 1996-ல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ஒரு வேதிப் பொறியாளர். அவருடைய ஊரில் நடந்த வேலைகளைப் பற்றித் தேடிப் படித்தால், இரண்டு தாளும் ஒரே கையில் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியும்.

விண்ணப்பம் போடும் முன்பு ஒரு காரியம் செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2022-லிருந்து வருடத்துக்கு ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரத்தில் இருந்தால் வார்டு அளவில் பகுதி சபை உண்டு. அடுத்த கூட்டத்துக்குப் போய் முழுக்க உட்காருங்கள். வீட்டுக்கு வந்ததும் நினைவில் இருப்பதை இரண்டு பக்கம் எழுதுங்கள். குழாய், சாலை, அளவு என்று எழுதியிருந்தால் மேலே சொன்ன படிப்புகளில் முதலும் மூன்றாவதும். யார் பேசினார்கள், யாரைப் பேச விடவில்லை என்று எழுதியிருந்தால் இரண்டாவது. பணம் எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று எழுதியிருந்தால் நான்காவது. அந்த இரண்டு பக்கத்தோடு எனக்கு எழுதுங்கள், மிச்சத்தைப் பேசலாம்.